'நில்' என்று நான் எழுதிய நாய்

1961ஆம் ஆண்டு ஜூன் மாதம் 13ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை. இலங்கை மலையகத்தில், நோட்டன் பிரிட்ஜுக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தேன். அன்றும் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, தப்பு மேளம் அடித்ததும் எழுந்து, முதல் வேலையாக ஆபீஸ் முற்றத்து மழைமானியைப் பார்த்தேன். இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல். பார்த்த நேரத்துடன் ஏட்டில் பதிந்துவிட்டு, கடிதங்களைப் பிரித்தேன்.

இரண்டு வாரத்துக்கு முன்பு நான்தான் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு லயம் லயமாகப் போய் நாய்களைப் பதிந்திருந்தேன். பக்கத்துத் தோட்டத்தில் வெறிபிடித்த விசர்நாய் ஒன்று திரிந்ததால் அந்த ஏற்பாடு. சட்டப்படி ஒவ்வொரு நாய்க்கும் ஒரு சொந்தக்காரர் பெயர் வேண்டும். பெயர் இருந்தால் கழுத்துக்குப் பித்தளை வில்லை, இல்லாவிட்டால் சுட்டுவிடுவார்கள்.

ஐந்தாம் லயத்து வாசலில் மணி என்ற செம்மண் நிற நாய் படுத்திருந்தது. யாருடையது என்று கேட்டேன்.

"எல்லாருக்குந்தாங்க ஐயா. காலையில எங்க வூட்டு ரொட்டி, ராத்திரிக்கு அவுங்க வூட்டு சோறு" என்றாள் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்.

ஏட்டில் ஒரு பெயருக்குத்தான் இடம். யாராவது ஒருவர் பெயரைச் சொல்லச் சொன்னேன். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்களே தவிர, பெயர் வரவில்லை. பெயர் கொடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்று நானும் விளக்கவில்லை. அடுத்த லயத்துக்குப் போகும் அவசரம். ஒன்றும் இல்லை என்பதற்கு ஆபீசில் நாங்கள் எழுதும் ஆங்கிலச் சொல் 'நில்'. அதை அந்தக் கட்டத்தில் அழகாக எழுதிவிட்டு நடந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்து மணி இருக்கும். அதே பெண் கையைத் துணியால் சுற்றிக்கொண்டு, ஆபீசுக்கு அடுத்த அறையான மருந்துக் காம்பராவுக்கு வந்தாள். பிள்ளைக்குப் பால் கொடுக்க லயத்துக்குப் போனவள், மணி படுத்திருந்த சாக்கை இழுத்திருக்கிறாள், கவ்விவிட்டது. காயத்தில் காப்பித்தூளை அப்பியிருந்தார்கள். தோட்டத்து டாக்டர் ஐயா அதைச் சவர்க்காரமும் தண்ணீரும் விட்டு வெகுநேரம் கழுவினார்.

"ஊசி இன்னைக்கே ஆரம்பிக்கணும். லொறியில பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போயிரு. அந்த நாயக் கட்டிப் போட்டுப் பத்து நாள் பாக்கணும். நல்லா இருந்துச்சுன்னா ஊசிய நிப்பாட்டலாம், பயமும் இல்ல. செத்துப்போச்சுன்னா வெறி இருந்துச்சா இல்லையான்னு தவிச்சிக்கிட்டே கெடக்கணும்" என்றார்.

"கைப்புள்ளக்காரிங்க நான்" என்றாள் அவள்.

அப்போது மேல் லயத்தில் துப்பாக்கி வெடித்தது. நாய் சுடுகிறவர் வரும் நாள் அதுதான். அவர் கையிலிருந்தது நான் எழுதிக் கொடுத்த பட்டியல்.

நாற்பத்தாறு வயதில் அப்படி ஓடியது அன்றுதான். குடையையும் எடுக்கவில்லை. ஐந்தாம் லயத்தை அடைந்தபோது மணி சுவரோரம் நின்றிருந்தது. அவர் துப்பாக்கியை உயர்த்தியிருந்தார். "நில், நில்!" என்று தமிழில் கத்தினேன். சிங்களக்காரரான அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் திரும்பிப் பார்த்து, பட்டியலில் என் எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"அயித்திகாரயா கவுத, மகத்தயா?" சொந்தக்காரர் யார் என்று கேட்டார்.

பதில் சொல்ல அங்கே வேறு ஆள் இல்லை. "ஏ மகே பல்லா" என்றேன். அது என் நாய்.

அவர் நம்பவில்லை. பட்டியலை நீட்டினார். 'நில்'லை அடித்து, அதன்மேல் என் பெயரை எழுதிக் கையெழுத்திட்டேன். மழையில் மை ஊறிப் பரவியது.

மத்தியானத்துக்குள் செய்தி தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. மணியைச் சங்கிலியில் கட்டி என் குவாட்டர்ஸுக்கு இழுத்துப் போகும்போது, அந்தப் பெண்ணின் மாமனார் சொன்னார்: "நீங்க எழுதுன நில்லுக்கு அந்த ஆளு நிக்கலையே ஐயா! பரவாயில்ல, நம்ம மணிக்கு ஆபீஸ் உத்தியோகம் கெடைச்சிருச்சு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் முகத்தை நிமிர்த்த முடியவில்லை.

மணி பத்து நாளும் நன்றாக இருந்தது, அவளுக்கும் ஒன்றும் நேரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எனக்கு மறக்காதது மணியைக் கட்டிய மறுநாள் காலைதான்.

தப்புச் சத்தம் கேட்டு எழுந்தவன், மழைமானியிடம் போகவில்லை. முதலில் தண்ணீர்ச் சட்டியை ஒரு கம்பால் மணியின் பக்கம் தள்ளினேன். இரண்டாவது ஊசிக்காக லொறிக்குப் போகவேண்டியவள், கைக்கட்டோடு வேலி ஓரத்தில் நின்றிருந்தாள்.

"குடிக்குதுங்களா ஐயா?"

குடித்தது. அது மட்டும் போதாது, பத்து நாளும் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சட்டி காலியாகும்வரை இருவரும் நகரவில்லை. அன்றைய மழை அளவு என் ஏட்டில் இருபது நிமிடம் தாமதமாகவே பதிவாகியிருக்கிறது. 'எல்லாருக்கும்' என்று அவள் சொன்னதில் நானும் அடக்கம் என்று புரிந்துகொள்ள எனக்கு ஆன நேரமாகவே அதை இன்றும் பார்க்கிறேன்.