எங்கள் பெயர்களை எழுதிய அப்பா

ஓராண்டாக அப்பாவுக்காக ஜெபித்துவரும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அவர் வாழ்ந்த வாழ்வை மகளாகிய நான் எழுதுகிறேன்.

அப்பா ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில், ஏரிக்கரை மீனவக் கிராமமொன்றில் பிறந்தார். அவருடைய தாயார் துக்க வீடுகளில் ஒப்பாரி பாடுபவர். ஆறு வயதிலிருந்தே அப்பாவும் கூடப் போனார். “செத்தவங்க பேரை எப்படிச் சொல்லணும்னு அங்கதான் படிச்சேன்” என்பார். அவர் கவிஞரானது அப்படித்தான்.

மலேசியாவின் அலோர் ஸ்டார் நகரில் ஆங்கிலம் கற்பிக்க வந்தவர், தேவாலயத்தில் அம்மாவைச் சந்தித்து மணந்தார். அம்மாவின் ஊரான பாடாங் மேஹாவில் முதலில் யாரும் அவரிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. அப்பா தமிழ் கற்றார். ஊரார் வீட்டுத் துக்கங்களுக்கெல்லாம் முதல் ஆளாய்ப் போய் நின்றார். பிறகு, இறந்தவருக்கு ஒரு பாட்டு எழுதித் தரும்படி அவர்களே கேட்டார்கள்.

ஒருநாள் காலை, அம்மாவின் அண்ணனான மாமாவுக்கு அப்பா இரங்கற்பா எழுதினார். மாமா அப்போது வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார்! ஏன் எழுதினார் என்பது அப்பாவுக்கே தெரியவில்லை. மறுநாள் நண்பகலில் மாமா செம்பனைத் தோட்டத்தில் சரிந்து விழுந்து இறந்தார்.

மாமாவின் மனைவியான அத்தை கைகூப்பினார். “அண்ணே, இனிமே எங்க யாரு பேரையும் எழுதாதீங்க.”

பதினொரு ஆண்டுகள் அப்பா ஒரு வரிகூட எழுதவில்லை.

கடைசி நாட்களில், மருத்துவமனையில், “தாள் குடும்மா” என்று என்னிடம் கேட்டார். நான் அப்போது நான்கு மாதக் கர்ப்பிணி. “நாளைக்குக் கொண்டு வரேன்பா” என்று மூன்று நாட்கள் ஏமாற்றினேன். யார் பெயரை எழுதிவிடுவாரோ என்ற பயம்; அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

விஷயம் தெரிந்து அத்தையே தாளோடு வந்தார். “எழுதுங்க லா அண்ணே. என் பேரா இருந்தாலும் பரவால்ல.”

அப்பா தமிழில் எங்கள் எல்லோருடைய பெயர்களையும் எழுதினார். கடைசியில் அவர் மொழியில் ஒரு பெண் பெயர். யாரென்று கேட்டோம். அப்பா என் வயிற்றையே பார்த்தார். மறுநாள் அவர் மூச்சு அடங்கியது.

ஓராண்டாகப் பயந்து பயந்து வாழ்ந்தோம். தாளில் இருந்த எல்லோரும் நலமாக இருக்கிறோம். ஐந்து மாதம் கழித்து எனக்குப் பெண் பிறந்தாள். அந்தப் பெயரை வைக்கத் துணிவில்லாமல் இன்றுவரை ‘பாப்பா’ என்றே அழைக்கிறோம்.

அப்பாவைக் கண்ணும் கருத்துமாய்ப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், சவப்பெட்டியைச் சுமந்த தோட்டத்து அண்ணன்மாருக்கும், அத்தைக்கும் எங்கள் நன்றி.

இன்று நினைவுத் திருப்பலி முடிந்ததும் பாப்பாவுக்கு ஞானஸ்நானம். அப்பா எழுதிய பெயரை முதன்முறையாக நான் வாய்விட்டுச் சொல்லப் போகிறேன். தயவுசெய்து யாரும் பாதியில் எழுந்து போய்விடாதீர்கள். என் பக்கத்தில் நில்லுங்கள்.