தஸ்லீம் அழுத்தும் சேவ்

வலக்கையில் இட்லி, இடக்கையில் மௌஸ். ஒரு வாய் சாப்பிடுவதும் ஒரு 'சேவ்' அழுத்துவதுமாக இருக்கிறார் தஸ்லீம். கொஞ்சம் சும்மா விட்டால் ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பிக்கும் தளம் வெளியே தள்ளிவிடும். "நாஷ்டா முடிக்கறதுக்குள்ள தொரத்திடுது சார். ஒரே பேஜாரு" என்கிறார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். இந்தப் பழக்கம் வகுப்பறைக்கும் வந்துவிட்டது. பலகையில் ஒரு வரி எழுதியதும் சுட்டுவிரலால் மேசையைத் தட்டுவார். "சேவ் ஆயிடுச்சு மேடம்!" என்று பின்வரிசை கத்தும்.

கவரைப்பேட்டை பக்கம் எங்கள் பொறியியல் கல்லூரியில் அவர் வேதியியல். நான் பக்கத்து மேசை, கணிதம். அவர் வீட்டில் பழவேற்காட்டு நண்டு வியாபாரம். நண்டு ஓட்டைப் பொடித்து ஆலைக் கழிவுநீரிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுப்பது அவருடைய ஆராய்ச்சி. ஆய்வகத்தில் பலித்துவிட்டது. தேர்வாய் கண்டிகையில் ஓர் ஆலையில் நடத்திப் பார்க்க அரசு நிதி வேண்டும். எங்கள் மாதிரிக் கல்லூரிகளையும் திரும்பிப் பார்ப்பது இளம் விஞ்ஞானிகளுக்கான திட்டம் ஒன்றுதான். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம். தஸ்லீமுக்கு இதுவே கடைசி வருடம்.

நிதித் தளங்களைப் பற்றிக் கேட்டால், வரன் பார்த்துச் சலித்தவர் மாதிரி பேசுவார். ஒன்று சாது, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, அச்செடுத்துத் தபாலிலும் அனுப்பு என்னும். "அப்போ இன்னாத்துக்கு ஆன்லைனு?" இன்னொன்று பார்க்க அழகு; கோப்பு சற்றுப் பெரிதானால் காரணம் சொல்லாமல் துப்பிவிடும். இளம் விஞ்ஞானித் தளம் ஒழுங்கானதுதான். ஆனால் கடைசி ஓடிபி முதல்வரின் போனுக்குப் போகும். "அவரு மீட்டிங்ல சைலண்ட்ல வச்சிக்கினு குந்தினு இருப்பாரு."

கடைசி நாளன்று முதல்வரைக் கூட்ட அறை வாசலிலேயே மடக்கி எண்ணை வாங்கிவந்தார். அடித்ததும் திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. ஊரே அன்றைக்குத்தானே அனுப்பும்! சுற்றிச் சுற்றித் தளம் படுத்துவிட்டது. மாலையில் அறிவிப்பு: கடைசித் தேதி இரண்டு வாரம் நீட்டிப்பு. சந்தோஷத்தில் எல்லாருக்கும் நான் டீ சொன்னேன்.

மறுநாள் திறந்தால் 'சமர்ப்பி' பொத்தான் மங்கிக் கிடந்தது. கடைசித் தேதியன்று என்ன வயதோ அதைத்தான் தளம் கணக்கில் எடுக்குமாம். நீட்டித்த நாட்களுக்குள் தஸ்லீமின் பிறந்தநாள் வருகிறது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உதவி மையத்துக்குப் போன் போடச் சொன்னேன். "போட்டேன் சார். சிஸ்டம் அப்டிதான் எடுத்துக்குமாம். அந்தம்மா ஹாப்பி பர்த்டே வேற சொல்லிச்சு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை.

மதியம் ஜெபாவைக் கூப்பிட்டார். முனைவர் பட்டம் வாங்கிய கையோடு துறையில் சேர்ந்து, அவரோடு உட்கார்ந்து நண்டு ஓடு இடிக்கும் பெண்.

"ஒன் ஆதார் நம்பர சொல்லு."

"வேணாம் மேடம், இது உங்களுது."

"நண்டு ஓட்டுக்குத் தெரியுமா யாரு பேருன்னு? சொல்லு, அப்பறம் வெளிய தள்ளிடும்."

ஜெபாவின் பெயரில் புதுக் கணக்குத் திறந்து, எழுதியதையெல்லாம் எடுத்து ஒட்டினார். ஆய்வுச் சுருக்கத்தின் அடியில் அவருடைய பெயரும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. பின்னாலிருந்து ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். வழக்கம்போல உடனே சேவ் அழுத்தவில்லை. மௌஸின் மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு அழுத்தினார்.