மட்டாஞ்சேரியில் கடவுளின் வலக்கை

காலை பத்து நாற்பது. கொச்சி மட்டாஞ்சேரியில், யூதர் தெருவான ஜூ டவுனில், அந்த மசாலாக் கடைக்குள் நான் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஓர் இடது கை. ஏலக்காய்ப் பொட்டலத்தை நீட்டியபடி பாதியில் நின்றிருந்தது.

கை செல்வியுடையது. முப்பது வயது. மூன்று மாதம் பார்த்துவிட்டு வேலையை நிரந்தரமாக்குவதாகக் கடைக்காரர் ராமநாதன் சொல்லியிருந்தார். அந்த மூன்று மாதம் அன்றோடு முடிகிறது. எதிரே நின்றவர் இஸ்ரேலிலிருந்து வந்திருந்த முதிய பெண்மணி.

"வலது கையால குடுன்னு எத்தனை தரம் சொல்றது?" என்றார் ராமநாதன்.

பிறகு பெண்மணியிடம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டார். எபிரேய வேதத்தில் கடவுளின் வலக்கைதானே எல்லாம்... எதிரியை நொறுக்குவது அது, அரசன் உட்காருவது அதன் பக்கத்தில் என்று அடுக்கினார். சுவரில் உள்ளங்கை தெரிய மாட்டியிருந்த பித்தளைக் கையைக் காட்டி, அந்த வலக்கைதான் இது என்றார். யூதப் பயணிகளுக்காகவே வாங்கினாராம். பாலக்காட்டுக்காரரான ராமநாதன் இவ்வளவு வேதம் எப்போது படித்தார்? வாசலில் கைடுகள் பேசுவதைக் கேட்டுத்தான்.

பெண்மணி பொட்டலத்தை வாங்கிக்கொண்டார் — இடது கையால். பள்ளியில் வேதம் கற்பித்து ஓய்வு பெற்றவராம். வலக்கை என்றால் பலம், ஆசி, சத்தியம். எல்லாம் சரி என்றார். ஆனால் அதே வேதத்தில், மக்களை மீட்கக் கடவுள் எழுப்பிய ஒருவன் இடக்கைக்காரன். மயிரிழை பிசகாமல் கவண் கல் எறிந்த எழுநூறு பேரும் அப்படியே.

ராமநாதன் தலையாட்டினார். ஆழமான விஷயம் என்றார். சாயா வரவழைத்துக் கொடுத்தார். வாசல்வரை போய் வழியனுப்பினார்.

திரும்பி வந்து, நாளைமுதல் வரவேண்டாம் என்று செல்வியிடம் சொன்னார்.

"அந்த அம்மாவே சரின்னுட்டாங்களே, சாமி?"

"அது அவா வேதம். இது என் கடை, கேட்டியோ."

நம்முடைய அருவருப்புக்குச் சாட்சி தேடி அடுத்தவர் வேதம்வரை போகிறோம். சாட்சி மாற்றிச் சொன்னால்? சாட்சிக்கு ஒரு சாயா கொடுத்து அனுப்பிவிட்டு, தீர்ப்பை மட்டும் வைத்துக்கொள்கிறோம்.

செல்வி பையை எடுத்துக்கொண்டாள். என்னைக் கடக்கும்போது நின்றாள்.

"அந்தக் கையைத் தெனம் தொடைக்கிறது நான்தான், சார். உங்க வலது கையை அதுமேல வெச்சு நோக்குங்க."

வைத்தேன். கும்பிடும்போது சேருமே, அப்படி விரலுக்கு விரல் பொருந்தியது.

சுவரில் இருந்தது இடது கை.