தாத்தா போட்ட ஓட்டு

வாடிப்பட்டி தாலுகா அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்தபோது, வெள்ளையடிப்பதற்காகப் பழைய பதிவறையைக் காலி செய்தோம். அங்கே பிரித்த ஒரு காகிதக் கட்டுக்குள் வெள்ளைக்காரன் காலத்து வாக்காளர் பட்டியல் இருந்தது. எங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்து படித்தேன்.

அந்தக் காலத்தில் எல்லோருக்கும் ஓட்டு கிடையாது. வரி கட்டுகிறவர்களுக்கு உண்டு. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மனுக் கொடுத்தால் உண்டு. பட்டியலில் பெரும்பாலும் நிலக்காரர்கள்தான். கடைசிப் பக்கத்தில் என் தாத்தாவின் பெயர், அவருடைய அப்பா பெயர், எங்கள் தெரு. தகுதி என்ற இடத்தில் ‘எழுதப் படிக்கத் தெரிந்தவர்’. எங்கள் தெருவிலிருந்து வேறு யாரும் இல்லை.

தாத்தா வயலில் கூலி வேலை பார்த்தவர். பாதிரியார் பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் படித்திருந்தார். வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே ஓட்டுப் போட்டேன் என்பார். தாசில்தார் முன்னால் தன் கையால் மனு எழுதியதையும், அதனால் அந்த அறுப்புக்கு நிலக்காரர் ஒருவரும் தன்னை வேலைக்குக் கூப்பிடாததையும் சொல்வார். என் அக்கா நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடமும் சொன்னார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

“போதும்ப்பா. இம்புட்டுப் பேரு முன்னாடி பொய் சொல்லாதீங்க” என்றார் அப்பா.

தாத்தா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாகும்வரை அந்தப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை.

அதிகாரியிடம் கேட்டு எடுத்த நகலோடு அன்று சாயங்காலம் திருநகரில் அப்பா வீட்டுக்குப் போனேன். அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை வாசித்தார்.

“அதே பேர்ல வேற ஆளா இருக்கலாம்ல?”

“தாத்தாவோட அப்பா பேரும் இருக்கு. நம்ம தெருவும் இருக்குப்பா.”

கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, “நம்மாளுக்கு எவன் அப்பயே ஓட்டுக் குடுத்துருப்பான்னு நானே நெனச்சுட்டேன்” என்றார்.

நாகமலை புதுக்கோட்டையில் இருக்கும் அத்தைக்குப் போன் போடச் சொன்னார். அத்தை அப்பாவின் அக்கா, பள்ளிக்கூடமே போகாதவர்.

“அக்கா, அப்பா ஓட்டுப் போட்டது நெசம்தான்.”

“தெரியும்டா. அந்த வருசம் கஞ்சிக்கு வழியில்லாமக் கெடந்ததை அம்மா சொல்லிருக்கு.”

“அப்ப ஏங்க்கா எங்கிட்டச் சொல்லல?”

“நீ படிச்சவன். நான் சொன்னா நம்பிருப்பியா?”

அத்தை வைத்த பிறகும் அப்பா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.