எண்பத்தொரு பந்துகள்

பெர்னடெட் வோய்டாலாவுக்குக் கோபம் வந்தால் முதலில் குரல் தாழ்ந்துவிடும். மில்வாக்கியின் தெற்குப் பக்கம் இருபத்தாறு வருஷமாக பஸ் ஓட்டுகிறவள். அவளோடு பழகிய எல்லோருக்கும் இது தெரியும். கத்திக்கொண்டிருந்தால் பெர்னி நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். மெதுவாகப் பேச ஆரம்பித்தால் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வது நல்லது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஏழாவது இன்னிங்ஸ் வரைக்கும் அவள் கத்திக்கொண்டுதான் இருந்தாள். சிகாகோ டிரோவர்ஸுக்கும் எங்கள் ஸ்டோக்கர்ஸுக்கும் ஐந்தாவது பேஸ்பால் ஆட்டம். ஆளுக்கு இரண்டு ஜெயித்தாகிவிட்டது. இதில் தோற்றவன் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஸ்டோக்கர்ஸ் இந்தச் சுற்றைத் தாண்டி முப்பத்தொரு வருஷம் ஆகிறது. தொண்ணூறு மைல் தெற்கே இருந்துகொண்டு, மில்வாக்கி என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாத மாதிரி பேசுகிற சிகாகோக்காரர்களிடம் தோற்பதற்கு வேறு யாரிடமாவது பத்துத் தடவை தோற்கலாம் என்பது அவள் கட்சி.

நிலவறையில் டி.வி. ஓடியது. அதன் சத்தத்தை அணைத்துவிட்டு, ரேடியோ வர்ணனையைத்தான் அவள் கேட்பாள். டி.வி.யில் பேசுகிறவர்கள் எல்லோரும் சிகாகோவிடம் காசு வாங்கியவர்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. புருஷன் நார்பர்ட் பியரில் வேகவைத்த சாசேஜ்களைக் கொல்லைப்புறத்தில் சுட்டு, புளித்த முட்டைக்கோஸோடு தட்டில் வைத்துக் கொடுத்தான். சாசேஜ் அப்படியே ஆறிக்கொண்டிருந்தது.

மூன்றுக்கு ஒன்று என்று ஸ்டோக்கர்ஸ் முன்னால் இருந்தார்கள். எங்களுக்காகப் பந்து வீசிக்கொண்டிருந்தவன் வென்டிங். முப்பத்தாறு வயசு, இடது கை, வயிறு கொஞ்சம் முன்னால் தள்ளியவன். அன்றைக்கு அவன் பந்தை ஒருத்தனும் சரியாகத் தொடவில்லை. ஏழாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட். ஒருத்தன் அதிர்ஷ்டத்தில் அடித்து ஓடி நின்றான், இன்னொருத்தனுக்கு நாலு பந்து தள்ளிப்போய் முதல் தளம் இனாமாகக் கிடைத்தது. இன்னும் ஒரே ஒரு ஆள். அப்போதுதான் எங்கள் மேனேஜர் ஹல்ஸ்ட்ராம் படியேறி மைதானத்துக்குள் வந்தார்.

"ஏன் வரான்?" என்றாள் பெர்னி. "யோவ் நார்ப், இந்த ஆளு எதுக்கு வெளிய வரான்?"

"தட்டிக் குடுக்க வந்திருப்பார்."

ஹல்ஸ்ட்ராம் தட்டிக் கொடுக்கவில்லை. கையை நீட்டிப் பந்தை வாங்கிக்கொண்டார். வென்டிங் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தான். அரங்கத்தில் நாற்பதாயிரம் பேர் ஊளையிட்டது ரேடியோவில் கேட்டது.

"எண்பத்தொரு பந்து," என்றாள் பெர்னி. குரல் தாழ்ந்துவிட்டது. "எண்பத்தொண்ணுதான் போட்டிருக்கான். நூறு வரைக்கும் தாராளமாப் போடுவான்."

அவனுக்குப் பதிலாகப் பந்து வீச வந்தவன் பிக்கெட் என்ற இருபத்துநாலு வயசுக்காரன். அவனுடைய இரண்டாவது பந்து வலதுபக்கக் கூட்டத்துக்குள், பாப்கார்ன் வாளிகளுக்கு நடுவில் போய் விழுந்தது. தளங்களில் நின்ற இரண்டு பேரோடு அடித்தவனும் ஓடி வந்து மூன்று ரன். நாலுக்கு மூன்று. அதற்குப் பிறகு இரண்டு இன்னிங்ஸ் இருந்தது என்பது கணக்குக்குத்தான். எங்கள் ஆட்கள் ஈ ஓட்டுகிற மாதிரி மட்டையை வீசிவிட்டு உட்காரப் போனார்கள். சிகாகோக்காரர்கள் எங்கள் மைதானத்தில், எங்கள் புல்லில், ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்து புரண்டார்கள்.

பெர்னி எழுந்து போய் வாசலில் கட்டியிருந்த ஸ்டோக்கர்ஸ் கொடியை அவிழ்த்துச் சுருட்டினாள். எதிர்வீட்டுக் கிழவர் ஸ்மியெலெவ்ஸ்கி இலை கூட்டிக்கொண்டிருந்தவர், "அடுத்த வருஷம் பாத்துக்கலாம், பெர்னி," என்றார்.

"அடுத்த வருஷம் நீங்க இருப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டாள். கிழவருக்கு எண்பத்தெட்டு வயசு.

ஆட்டம் முடிந்ததும் ரேடியோவில் ரசிகர்கள் கூப்பிட்டுப் பேசுகிற நிகழ்ச்சி வரும். நடத்துகிறவன் சக் டார்ன்புரூக். பெர்னி தன் முறைக்காக ஐம்பது நிமிஷம் போனைக் காதில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றாள்.

"லிங்கன் அவென்யூலேர்ந்து பெர்னி. சொல்லுங்க பெர்னி, எப்படி இருக்கீங்க?"

"பிணம் மாதிரி இருக்கேன். எண்பத்தொரு பந்து, சக். அந்த ஆளுக்குக் கை வலிச்சுதா? இல்ல. அடி வாங்கினானா? இல்ல. நல்லா ஓடிக்கிட்டிருக்கிற வண்டிய நடுரோட்டுல நிறுத்திட்டு, நேத்து லைசென்ஸ் வாங்கினவன் கையில சாவியக் குடுப்பானா ஒருத்தன்?"

"பெர்னி, புள்ளிவிவரம் என்ன சொல்லுதுன்னா, ஒரே மட்டையாளரை மூணாவது தடவை சந்திக்கிறப்ப வென்டிங்..."

"புள்ளிவிவரத்தப் பந்து வீசச் சொல்லு! உன் கண்ணு என்ன சொல்லுது? நீ பாத்தியா, இல்ல கேன்டீன்ல தின்னுக்கிட்டிருந்தியா?"

"சரி பெர்னி, உங்க வேதனை புரியுது. அடுத்து..."

"எனக்கு வேதனை இல்ல. கோவம். ரெண்டும் வேற. ஹல்ஸ்ட்ராமுக்கு முதுகெலும்புக்குப் பதிலா ஒரு கம்ப்யூட்டர் இருக்கு, அத..."

இணைப்பைத் துண்டித்துவிட்டான். அவள் மீதியைச் செத்துப்போன போனிடம் சொல்லி முடித்தாள். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகவில்லை. பாதிரியார் பிரசங்கத்தில் "தோல்வியைத் தாங்கும் மனம்" என்று ஆரம்பித்தால் நடுவில் எழுந்துவிடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்ததாம்.

திங்கட்கிழமை காலை தூறல். ஆஸ்பத்திரி வழியாகப் போகிற பஸ்ஸில் எப்போதும் ஏறுகிற ஆள் ஒருவன், டெரன்ஸ் ஓக்லி. நாற்பது வயசு, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சிகாகோவிலிருந்து வந்து நாலு வருஷம் ஆகிறது. நாலு வருஷமும் ஏறும்போது "குட் மார்னிங், பெர்னி", இறங்கும்போது "தேங்க்ஸ், பெர்னி". அவளுக்கும் அவனைப் பிடிக்கும். அன்றைக்கு அவன் தலையில் புத்தம்புதிய டிரோவர்ஸ் தொப்பி. கதவு திறந்ததும் சிரித்தான்.

"குட் மார்னிங், பெர்னி. நேத்து ரேடியோவுல திரும்பப் போட்டாங்க, உங்க குரலைக் கேட்டேன்."

"தொப்பியக் கழட்டுங்க."

"என்னது?"

"தொப்பியக் கழட்டிட்டு ஏறுங்க." குரல் தாழ்ந்திருந்தது. அவனுக்கு அது தெரியாது. அவனிடம் அவள் கோபப்பட்டதே இல்லை.

"அட, விளையாட்டுதானே பெர்னி. மழைவேற பெய்யுது." ஒரு காலைப் படியில் வைத்தான்.

"சிகாகோவுலயும் பஸ் ஓடுது. அதுல ஏறிக்க," என்றாள் பெர்னி. அவன் காலை எடுத்ததும் கதவை மூடினாள். பஸ் கிளம்பியது. கண்ணாடியில் அவன் தூறலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

பஸ்ஸுக்குள் பத்துப் பதினைந்து பேர் கைதட்டினார்கள். ஒருத்தன் விசிலடித்தான். வழக்கமாக மூன்றாவது இருக்கையில் உட்காரும் தையல்காரம்மா மட்டும், "இது நல்லா இல்லம்மா. அவரு வேலைக்குப் போகணும்," என்றாள். "எல்லாரும்தான் போகணும்," என்று பெர்னி கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். பின்வரிசையில் ஒரு பெண் இதையெல்லாம் போனில் எடுத்துக்கொண்டிருந்தது அப்போது யாருக்கும் தெரியாது.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பார்த்துவிட்டது. சக் டார்ன்புரூக் ரேடியோவில் அதைப் போட்டு, "ஊருக்காகக் கதவை மூடிய வீராங்கனை" என்றான். பெர்னி டெப்போ வாசலில் நின்றபடியே அவனுக்குப் போன் போட்டாள். "சனிக்கிழமை நான் நியாயம் பேசினப்ப போன வெச்ச. இன்னிக்கு ஒருத்தன மழையில நிறுத்தினதுக்குக் கைதட்டுற. உன் வாயி எந்தப் பக்கம்டா இருக்கு?" இந்த முறை அவளேதான் துண்டித்தாள்.

டெப்போவில் மேற்பார்வையாளர் டெல்ஃபீன் கெய்ன்ஸ் அவளைவிடப் பதினைந்து வயசு சின்னவள். பெர்னிதான் அவளுக்கு வண்டி பழக்கியது.

"உட்காருங்க, பெர்னி."

"நிக்கிறேன்."

"அந்த ஆளு இருபத்தஞ்சு நிமிஷம் லேட்டாப் போயிருக்காரு. ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை இருக்காம், ரெண்டாவதும் குடுத்துட்டாங்க. மூணாவது வந்தா வேலை போயிடும். என்ன சொல்றீங்க?"

பெர்னி கொஞ்ச நேரம் சுவரில் இருந்த வழித்தட வரைபடத்தைப் பார்த்தாள். எச்சரிக்கை விஷயம் அவளுக்குத் தெரியாது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"தொப்பி போடாம வந்திருக்கலாம்."

டெல்ஃபீன் பேனாவைக் கீழே வைத்தாள். "அஞ்சு நாள் சஸ்பெண்ட். சம்பளம் கிடையாது. அதோட ஒரு மன்னிப்புக் கடிதம். வேற யாராவது இருந்தா வேலையே போயிருக்கும். இத நான் எழுதி வாங்குறதுக்கு மேலிடத்துல எத்தன பேர்கிட்ட கெஞ்சினேன்னு உங்களுக்குத் தெரியாது."

"உன்ன யாரு கெஞ்சச் சொன்னது?"

"வெளிய போங்க, பெர்னி."

வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கடிதம் எழுதினாள். இரண்டு பக்கம் வந்தது. நார்பர்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தான். முதல் வரியில் மன்னிப்பு இருந்தது. இரண்டாவது வரியிலிருந்து வென்டிங்கின் இடது கை, ஏழாவது இன்னிங்ஸ், ஹல்ஸ்ட்ராமின் குணம், அவருடைய முந்தைய ஐந்து வருஷத் தவறுகள் என்று போய், கடைசியில் "ஆகவே அன்று காலை நான் இருந்த நிலைமையைத் தாங்கள் புரிந்துகொள்ள வேண்டும்" என்று முடிந்திருந்தது.

"இது அவனுக்கு எழுதினதா, ஹல்ஸ்ட்ராமுக்கு எழுதினதா?" என்றான் நார்பர்ட்.

"காரணத்தச் சொல்லாம எப்படி மன்னிப்புக் கேக்கறது?"

நார்பர்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். முப்பத்துநாலு வருஷத்தில் அவன் அவளோடு ஆட்டத்தைப் பற்றி வாதாடியது கிடையாது. சாசேஜ் சுடுவான், தலையாட்டுவான், அவ்வளவுதான். அன்றைக்கு என்ன தோன்றியதோ, "எனக்கென்னவோ வென்டிங்க எடுத்தது சரின்னுதான் பட்டுது," என்றான்.

"என்ன சொன்ன?"

"கடைசி ஆறு பந்துல வேகம் குறைஞ்சிடுச்சு, பெர்னி. அந்த நாலு பந்தும் தள்ளித் தள்ளிப் போச்சே. கை அசந்துபோச்சு. நீ ரேடியோ கேட்டுக்கிட்டிருந்த. நான் டி.வி.யப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"இத அன்னிக்கே ஏன் சொல்லல?"

"உசுரோட இருக்கணும்னு நினைச்சேன்."

அவள் சிரிக்கவில்லை. கடிதத்தை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு நிலவறைக்குப் போய்விட்டாள். மூன்று நாள் அவனோடு பேசவில்லை. ரேடியோவும் போடவில்லை. இரண்டாவது கடிதத்தில் இரண்டே வரி: "நான் உங்களை ஏற்றாமல் போனது தவறு. மன்னிக்கவும்." அதை டெப்போவில் கொடுத்தபோது, முதல் கடிதத்தையும் அதே உறையில் வைத்து ஒட்டியிருந்தாள். டெல்ஃபீன் பிரித்துப் பார்க்கவில்லை.

அந்த வாரத்திலேயே டிரோவர்ஸ் அடுத்த சுற்றில் நாலு ஆட்டமும் வரிசையாகத் தோற்று வீட்டுக்குப் போனார்கள். பெர்னி ஒவ்வொரு ஆட்டத்தையும் கடைசிப் பந்து வரை பார்த்தாள். நினைத்த அளவுக்கு இனிக்கவில்லை. இருந்தாலும் அடுத்த செவ்வாய்க்கிழமை வண்டியை எடுக்கும்போது ஓக்லியிடம் சொல்ல நாலைந்து வாக்கியம் தயாராக வைத்திருந்தாள்.

அவன் நிறுத்தத்தில் வெறுந்தலையோடு நின்றான். ஏறி, பயண அட்டையை மெஷினில் தட்டிவிட்டு, அவள் பக்கத்தில் நின்றான்.

"கடிதம் வந்துது. ரெண்டும்."

பெர்னி கதவை மூடாமல் காத்திருந்தாள்.

"ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நாங்க ஒரு வீடு பூரா ஆளுங்க பாத்துக்கிட்டிருந்தோம். வென்டிங்க எடுத்ததும் எங்க மாமா நாற்காலியிலேர்ந்து குதிச்சாரு. அந்த ஆளு இருந்திருந்தா எங்களுக்கு அதுக்கு மேல ஒரு ரன்னும் கிடைச்சிருக்காது. நீங்க எழுதினது அத்தனையும் உண்மை."

பத்து நாளாக ஊரில் ஒருத்தரும் சொல்லாததை ஒரு சிகாகோக்காரன் சொன்னான். தயாராக வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் எங்கோ போய்விட்டன.

"அத அன்னிக்குக் காலையில சொல்லியிருக்கக் கூடாதா?"

"அதச் சொல்லத்தான் சிரிச்சுக்கிட்டு வந்தேன். நீங்க கதவச் சாத்திட்டீங்க," என்றான் ஓக்லி. குரலில் கோபம்கூட இல்லை. "ஆட்டத்துல நீங்க சொன்னது சரி. என்கிட்ட பண்ணது சரியில்ல. எனக்கு ரெண்டு பிள்ளைங்க. அந்த வேலை போயிருந்தா உங்க வென்டிங்கா வந்து சோறு போடுவான்? இனிமே நீங்க ஓட்டுங்க, நான் உட்கார்ந்துக்கறேன். அவ்வளவுதான் நமக்குள்ள."

பின்வரிசைக்குப் போய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான். ஆஸ்பத்திரியில் பின்கதவு வழியாக இறங்கினான். மறுநாளும் அப்படியே. நவம்பர் பாதியில் நிறுத்தத்தில் அவனைக் காணவில்லை. அதற்கு முந்தின பஸ்ஸை ஓட்டுகிற மார்விஸ் ஒரு நாள் டெப்போவில் காப்பி குடிக்கும்போது, "உன் சிகாகோக்காரர் இப்ப என் வண்டிலதான் வராரு. பன்னண்டு நிமிஷம் முன்னாடியே எழுந்திரிக்கிறாராம், உன்னப் பாக்கக் கூடாதுன்னு," என்று சொல்லிச் சிரித்தான்.

"நல்லா வரட்டும். எனக்கு ஒரு ஆளு குறைஞ்சுது," என்றாள் பெர்னி.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது அதை நார்பர்ட்டிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, அவன் ஏதாவது சமாதானம் சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் ரொட்டியில் வெண்ணெய் தடவி முடித்தான்.

"அவன் இடத்துல நான் இருந்தாலும் அதத்தான் பண்ணுவேன்," என்றான்.

பெர்னி உருளைக்கிழங்கை முள்கரண்டியால் குத்திப் பார்த்தாள். "இது சரியா வேகல," என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு அதை முழுவதும் தின்றாள்.