சி.ஓ. எழுதாமல் விட்ட பெயர்

1. கழுத்துக்குக் குறுக்கே ஒரு கை

ஹெலிகாப்டரின் மேல் விசிறி சுற்ற ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் எங்களுக்குக் கைதான் வாய். உள்ளங்கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்தால், எஞ்சினை உடனே நிறுத்து என்று அர்த்தம். அதைக் காட்ட வேண்டியவர் எதிரே நின்று பைலட்டுக்குச் சைகை காட்டும் மார்ஷலர். விமானப்படையில் கார்ப்பரல் ரேங்கில் இருந்த எஞ்சின் ஃபிட்டரான எனக்கு அங்கே வேலையே இல்லை.

அன்று காலை நான் ஓடிப்போய் மார்ஷலருக்கு முன்னால் நின்று அதைக் காட்டினேன். பைலட் சீட்டில் இருந்தவர் எங்கள் சி.ஓ., அதாவது யூனிட்டின் கமாண்டிங் ஆபீசர், விங் கமாண்டர் டேனியல். பின் சீட்டில் எல்லை முகாமைப் பார்வையிடக் கிளம்பிய ஒரு பெரிய அதிகாரி.

சி.ஓ. ஏன் என்று சைகை செய்யவில்லை. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டார்.

அதிகாரி இறங்கி வந்து இங்கிலீஷில் குதித்தார். சி.ஓ. விறைப்பாக நின்று, "என்னுடைய முடிவு சார், இந்த மெஷின் இன்று பறக்காது" என்று மட்டும் சொன்னார். ஜீப் கிளம்பிப் போனது. பிறகு சி.ஓ. என்னை, மெஷின்களை நிறுத்தும் ஹேங்கருக்குப் பின்னால் கூட்டிப் போனார். என்னைப்போல் அவரும் மதுரைக்காரர். அப்பா அங்கே மிஷன் பள்ளி வாத்தியார். பத்துப் பேர் முன்னால் அவர் வாயில் தமிழ் வராது. தனியாக நின்றால் வேறு எதுவும் வராது.

"சொல்லு."

"சார், பத்து எம்.எம். ஸ்பேனர் ஒண்ணு காணோம்."

"போர்டு நெறைஞ்சுதானே இருக்கு. நான் பாத்துட்டுத்தானே ஏறுனேன்."

"அதுல தொங்குறது என் சொந்த ஸ்பேனர் சார். நான்தான் மாட்டுனேன்."

அந்த போர்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு டூலின் உருவமும் அதில் சிவப்பாக வரைந்திருக்கும். வேலை முடிந்ததும் டூலை அதனதன் உருவத்தின் மேல் மாட்ட வேண்டும். எங்காவது சிவப்பு தெரிந்தால் அந்த டூல் மெஷினுக்குள் கிடக்கிறது என்றே எடுத்துக்கொள்வோம். கிடைக்கிற வரை மெஷின் நகராது. முந்தின நாள் சாயங்காலம் ஓர் இடத்தில் சிவப்பு தெரிந்தது. நான் என்ன செய்தேன்? என் பெட்டியில் இருந்த அதே அளவு ஸ்பேனரை எடுத்து அதை மறைத்துவிட்டு, எல்லா டூலும் சரி என்று கையெழுத்தும் போட்டேன். பக்கத்து மெஷினில் விட்டிருப்பேன், காலையில் தேடிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் வேறு. பெரிய புத்திசாலி. காலையில் அங்கே தேடி அது இல்லை என்று தெரிந்தபோது, இங்கே விசிறி சுற்ற ஆரம்பித்துவிட்டது.

"நேத்தே ஏன் சொல்லல?"

"பயந்துட்டேன் சார். அடுத்த மாசம் கல்யாணம்."

"உனக்குக் கல்யாணம். எனக்கு வீட்டுல ஆறு மாசத்துப் பொண்ணு இருக்கு" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்த வார்த்தை என்னை என்னவோ செய்கிறது.

மத்தியானம் ஸ்பேனர் கிடைத்தது. மேல் விசிறியைக் கட்டுப்படுத்தும் ராடுக்குக் கீழே, விரல் நுழையாத சந்தில் சாய்ந்து கிடந்தது. மேலே போய் ஒரு திருப்பம் திரும்பியிருந்தால் ராடில் சிக்கியிருக்கும்.

மூன்று மாதம் என் கையெழுத்து செல்லாது என்றார். தினமும் சாயங்காலம் போர்டின் முன்னால் நின்று டூல்களை வாய்விட்டு எண்ணச் சொன்னார். ஆனால் மேலிடத்துக்குப் போன ரிப்போர்ட்டில் யார் பெயரும் இல்லை. யூனிட்டில் நடந்த தவறுக்குப் பொறுப்பு யூனிட்டின் தலைவருடையது என்று எழுதி, கீழே அவர் கையெழுத்தைப் போட்டிருந்தார். அடுத்து வந்த ப்ரமோஷன் லிஸ்டில் அவர் பெயர் இல்லை. அதற்கு அடுத்ததிலும் இல்லை. விங் கமாண்டராகவே ரிட்டயர் ஆனார்.

2. இரண்டு வரி

நான் வாரன்ட் ஆபீசராக ரிட்டயர் ஆகி மதுரை விளாங்குடியில் வீடு கட்டிக் குடியேறிப் பல வருஷமாகிறது. போன மாதம் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பி.டி.எஃப். வந்தது. யூனிட்டின் ஐம்பதாம் ஆண்டுக்கு வரலாற்றுப் புத்தகம் போடுகிறார்கள். இருந்த சி.ஓ. ஒவ்வொருவருக்கும் ஒரு போட்டோ, இரண்டு வரி. முதல் சி.ஓ. இரண்டு மெஷினும் நாலு கூடாரமும் வைத்து ஆரம்பித்தவர். மூன்றாமவர் வெள்ளத்தில் கூரை கூரையாக இறங்கி ஜனங்களைத் தூக்கியவர். டேனியல் சாருக்குக் கீழே இப்படி இருந்தது: "இவர் காலத்தில் டூல் கட்டுப்பாட்டுக் குறைபாட்டால் ஒரு முக்கியப் பயணம் ரத்தானது."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்டிரம். திட்டு விழுவது மட்டும் தமிழில்.

"போனை மொறைச்சா எழுத்து மாறிருமா? போயி என்னன்னு பாருங்க" என்றாள் மனைவி. அந்த அடுத்த மாதக் கல்யாணப் பெண் இவள்தான்.

புத்தகத்தைத் தொகுப்பவர் என்னோடு வேலை பார்த்த நாயர். அவருக்கு போன் போட்டு முழுக் கதையையும் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "திங்கட்கிழமை பிரஸ்ஸுக்குப் போகிறது. டேனியல் சார் சரி என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், மாற்றிவிடுகிறேன்" என்றார்.

3. கே.கே. நகர்

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த இரண்டு வரிக்குப் பதிலாக நான் எழுதிய பக்கத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கே.கே. நகர் டேனியல் சார் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அவர் மகள் ஷீலா. பள்ளிக்கூட டீச்சர். அப்பாவை வைத்துப் பார்த்துக்கொள்பவர் அவர்தான்.

"வாங்க அங்கிள். அப்பாவுக்கு இப்ப ஆள் அடையாளம் தெரியாது. தப்பா நெனைக்காதீங்க. பழசெல்லாம் நல்லாப் பேசுவாரு" என்றார்.

சார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இளைத்துப் போயிருந்தார், ஆனால் ஷேவிங் கச்சிதம். நான் சல்யூட் அடித்தேன். அவர் தலையசைத்தார். யாரோ ஒருவனுக்கு அசைப்பதுபோல்தான். அது எனக்கு வலிக்கத்தான் செய்தது.

பக்கத்தை எடுத்து நிதானமாகப் படித்துக் காட்டினேன். காணாமல் போன ஸ்பேனர், நான் செய்த திருட்டுத்தனம், சுற்றிக்கொண்டிருந்த விசிறி, அவர் எஞ்சினை நிறுத்தியது, அவர் எழுதிய ரிப்போர்ட், எல்லாம் அதில் இருந்தது. ஷீலா அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அந்த ஆறு மாசக் குழந்தை நானா அங்கிள்?"

"ஆமாம்மா."

சார் என் கையைப் பிடித்தார். பிடி இன்னும் பலமாகத்தான் இருந்தது.

"எழுதுறதெல்லாம் சரி. அந்தக் கார்ப்பரல் பேரை மட்டும் எழுதிறாதீங்க."

"ஏன் சார்?"

"நல்ல ஃபிட்டர். பயந்துட்டான், அம்புட்டுத்தான். ஆனாலும் ஓடியாந்து கை காட்டுனான்ல? எத்தனை பேருக்கு அது வரும்? அடுத்த மாசம் அவனுக்குக் கல்யாணம் வேற. பேரு வெளிய வந்தா பொண்ணு வீட்டுல என்ன நெனைப்பாக?"

நான் யாரென்று தெரியாமல், என்னிடமே எனக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எழுதல சார்" என்றேன். அவர் கையை விட்டார்.

கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இந்த வயதில் அதில் என்ன வெட்கம். ஷீலா பின்னாலேயே வந்து நின்றார். அவர் கண்ணும் சிவந்திருந்தது.

"அங்கிள், அப்பா சொன்னது அப்பாவோட இருக்கட்டும். நான் சொல்றேன், பேரோடயே எழுதுங்க."

நாயரிடம் இரண்டு பேர் சொன்னதையும் அப்படியே ஒப்பித்தேன். "மகள் சொன்னால் போதும்" என்றார். புத்தகத்தில் இப்போது டேனியல் சாருக்கு ஒரு முழுப் பக்கம் இருக்கிறது.

இப்போது ஹேங்கரில் நிற்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். போர்டில் சிவப்பு தெரிந்தால் அன்று சாயங்காலமே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். ஒரு ராத்திரி நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதன் விலையை ஒரு நல்ல மனுஷர் கடைசி வரை சுமந்தார். நீங்கள் தலைமைக்கு வந்தால், கை காட்டுகிறவனின் ரேங்கைப் பார்க்காமல் முதலில் எஞ்சினை அணையுங்கள்.

முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் என் சி.ஓ. சொன்ன எதையும் நான் மீறியதில்லை. இந்த ஒன்றை மீறுகிறேன். அந்தக் கார்ப்பரலின் பெயர் சாந்தாராம். கல்யாணம் குறித்த நாளில் நடந்தது சார். பொண்ணு வீட்டில் யாரும் ஒன்றும் நினைக்கவில்லை.