அத்தா மாட்டிய ஏரோபிளேன் படம்

போன வருஷம் சென்னையிலிருந்து ஒருவர் எங்கள் வீட்டுச் சுவரைப் பார்ப்பதற்கென்றே கம்பத்துக்கு வந்தார். சண்டை விமானங்களின் படங்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறவராம். என் பேரன் செல்போனில் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு பஸ் ஏறியிருக்கிறார். நாற்காலிமேல் ஏறி நின்று, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "இந்த விமானத்த ஓட்டுன ஆபீசரே வரைஞ்சதும்மா. பென்சில் கையெழுத்துகூட அழியல" என்றார். விலைக்குக் கேட்டார். டீ கொடுத்து, பன்னீர் திராட்சை ஒரு பை கொடுத்து, படத்தைக் கொடுக்காமல் அனுப்பிவைத்தேன். ஏன் என்று கேட்டார். வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கிற சங்கதியா அது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் எனக்கு எழுத வரும். மெதுவாக எழுதுவேன், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் அந்த ஒன்றைத் தவிர வேறு படம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அப்பாவை அத்தா என்போம். உயிருள்ளதின் உருவம் மாட்டிய வீட்டுக்குள் மலக்குமார் வரமாட்டார்கள், வானவர்கள் வராத வீட்டில் அல்லாவின் அருளான பரக்கத்து தங்காது என்பது அத்தாவின் உறுதி. ஜவுளிக்கடைக் காலண்டர் வந்தால் மேலே சிரிக்கிற பொம்பளையைக் கத்தரித்துப் போட்டுவிட்டு, தேதி அட்டையை மட்டும் ஆணியில் மாட்டுவார். பிஸ்கட் டப்பாவில் இருந்த குழந்தையின் முகத்தில் அவர் மை பூசிய அன்று நான் நாள் முழுக்க அழுதேனாம். மற்றபடி அவர் அடித்தவரும் இல்லை, அதட்டினவரும் இல்லை. ஊரில் வரப்புத் தகராறு என்றால் இரண்டு தரப்பும் அவரைத்தான் சாட்சிக்குக் கூப்பிடும். அவர் வாயில் பொய் வராது என்று தோற்றவனும் ஒத்துக்கொள்வான்.

அம்மாவுக்கு ஒரே தம்பி. எங்கள் மாமா. ஏர்ஃபோர்ஸில் ஃபிட்டர். பறந்து வந்த விமானத்தைப் பிரித்துச் சரிபார்த்து மறுபடி பறக்கவிடுகிற வேலை. எனக்கு எட்டு வயசு இருக்கும்போது லீவில் வந்தவர், தகரக் குழாய் ஒன்றைத் திறந்து சுருட்டிய படத்தை உருவினார். அவருடைய ஆபீசர், முந்தின சண்டையில் தான் ஓட்டிய விமானத்தைத் தானே வரைந்து, அச்சடித்து, அதில் வேலை பார்த்த ஆட்களுக்கு மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாம். சின்ன விமானம். ஒரு பக்கமாகச் சாய்ந்து மேகத்தைக் கிழித்துக்கொண்டு போகிறது. அம்மா அதன் இறக்கையைத் தொட்டுப் பார்த்தாள். தனக்கென்று எதையும் வாய்விட்டுக் கேட்காதவள் அன்று கேட்டாள்.

"இத இங்கன மாட்டிக்கிருவமா?"

அத்தா படத்தை வாங்கி, வாசல் வெளிச்சத்தில் பிடித்து, வெகுநேரம் பார்த்தார்.

"என்ன மச்சான் அப்படிப் பாக்குறீக? எல்லாம் தகரம். தகரத்துக்கு ஏது உசுரு?" என்றார் மாமா.

அத்தா அம்மாவை ஒரு தரம் பார்த்தார். படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தானே கடைத்தெருவுக்குப் போய்ச் சட்டமும் கண்ணாடியும் போட்டுக் கொண்டுவந்தார். ஏணி வைத்து, கூடத்தில் உத்தரத்தை ஒட்டினாற்போல, யாருக்கும் எட்டாத இடத்தில் ஆணி அடித்தார்.

"இம்புட்டு ஒசரத்துல மாட்டுனா யாரு பாக்குறது? பல்லியா?" என்றாள் அம்மா.

"ஏரோபிளேன் பெறகு எங்கன பறக்கும், அடுப்படியிலயா?" என்றார் அத்தா.

மாமா ஊரைவிட்டுப் போன கொஞ்ச நாளில் பாகிஸ்தானோடு சண்டை மூண்டது. பங்களாதேஷ் பிறந்த அந்தச் சண்டைதான். மாமாவிடமிருந்து கடுதாசி நின்றுபோயிற்று. விமானம் விழுந்ததாக டீக்கடை ரேடியோ சொல்லிவிட்டால் போதும், யாராவது வேலை மெனக்கெட்டு வந்து எங்கள் வாசலில் சொல்லிவிட்டுப் போவார்கள். அம்மா தொழுது முடித்ததும் பாயிலேயே உட்கார்ந்து கையேந்தித் தம்பிக்காகத் துவா கேட்பாள். பிறகு எழுந்து வந்து படத்துக்குக் கீழே அண்ணாந்து நிற்பாள்.

எனக்கும் அதைக் கிட்டத்தில் பார்க்க ஆசை. ஒரு நாள் அம்மா கிணற்றடிக்குப் போன சமயம் நெல்லுப்பெட்டிமேல் முக்காலியைப் போட்டு ஏறினேன். விமானத்தின் முதுகில் குமிழ் மாதிரி ஒரு கண்ணாடி. அதற்குள் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். தலையில் தொப்பி, மூக்கை மூடிய குழாய், அதற்குமேல் இரண்டு கண். அந்தக் கண் என்னைப் பார்த்தது. ஓட்டுகிறவர் வேறு, ஃபிட்டர் வேறு என்று பிரித்துப் பார்க்கிற வயசா அது. விமானத்துக்குள் இருந்தால் அது மாமாதான்.

எப்படி இறங்கினேனோ தெரியாது. கூடத்தில் ஒரு முகம் இருக்கிறது. முகம் இருந்தால் மலக்குமார் வரமாட்டார்கள். அவர்கள் வராவிட்டால் அம்மாவின் துவாவை யார் எடுத்துப் போவது, மாமாவை யார் காப்பாற்றுவது? அத்தாவிடம் சொல்லலாம். சொன்னால் பிஸ்கட் டப்பாவுக்குச் செய்ததையே செய்வார். மாமாவின் முகத்தில் இங்கே மை பூசினால் அங்கே சண்டையில் அவருக்கு என்ன ஆகும்? எந்தப் பக்கம் யோசித்தாலும் மாமா சாகிறார். எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். தொழுகை நேரமானால் அடுப்படியின் பின்கதவைத் திறந்துவைத்தேன். கூடத்துக்கு வரமுடியாத மலக்குமார் கொல்லைப்புறமாக வந்து வாங்கிக்கொண்டு போகட்டும். வந்ததென்னவோ கோழிகள்தான்.

"ஏண்டி கதவத் தெறந்து போடுற? கிறுக்குப் புடிச்சிருக்கா?" என்று அம்மா வைதாள். அவள் மூடுவாள், நான் திறப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் உத்தமபாளையத்திலிருந்து மாமி வந்தார். மாமி அத்தாவின் அக்கா. கண்ணும் கூர்மை, நாக்கும் கூர்மை. காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தவர், அண்ணாந்து பார்த்து அப்படியே நின்றார்.

"ஏலே தம்பி, அது என்ன படம்?"

"ஏரோபிளேன்க்கா."

"அது தெரியிது. நடுவுல கண்ணாடிக்குள்ள ஆளு கெணக்கா ஒண்ணு இருக்கே."

அம்மா சுவரோடு ஒதுங்கினாள். மாமி அவள் பக்கம் திரும்பினார்.

"தொழுகுற வீட்டுல இதென்ன கூத்து? உருவமா இருந்தா இப்பவே எறக்கிருங்க. கூடப் பெறந்தவன நெனச்சு வருத்தப்பட்டா அதுக்காக இப்படியா?" என்றார். பிறகு என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "ஏண்டி, ஒனக்கு எளங்கண்ணு. ஏணியில ஏறிப் பாத்துச் சொல்லு."

அத்தா என்னைத் தாண்டி ஏணியை எடுத்தார்.

"பொம்பளப் புள்ள எதுக்கு ஏணி ஏறணும்? நானே பாக்குறேன்."

ஏறினார். அவர் முதுகு படத்தை மறைத்துக்கொண்டது. மூக்கு கண்ணாடியில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் அலமாரியில் இருந்த மைப்புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தா தோளிலிருந்த துண்டை எடுத்து, கண்ணாடியை அழுத்தி, நிதானமாகத் துடைத்தார்.

"ஆளும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. அடுப்புப் பொகை படிஞ்சிருக்கு" என்றபடி இறங்கினார்.

மாமி இன்னொரு தரம் அண்ணாந்து பார்த்தார். "அப்ப எனக்குத்தான் கண்ணு போச்சு போல. நீ சொன்னா சரிதான்" என்று சாப்பிட உட்கார்ந்தார். அன்று குழம்பில் கிடந்த கறித்துண்டெல்லாம் மாமியின் தட்டுக்கே போயிற்று. பரிமாறிக்கொண்டே அம்மா அத்தாவை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை எதற்கென்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கு வேறு கவலை வந்துவிட்டது. அத்தா பொய் சொல்ல மாட்டார். கண்ணாடிக்குள் ஆள் இருக்கிறார். இரண்டும் எனக்கு நிச்சயம். அப்படியென்றால் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அத்தாவுக்குக் கண் தெரியவில்லை. பாவம், வெளியில் சொல்லிக்கொள்ளாமல் இருக்கிறார்.

மறுநாளிலிருந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். திராட்சைத் தோட்டத்துக்குப் போகிற வழியெல்லாம் "கல்லு கெடக்கு அத்தா", "வாய்க்கா வருது, காலத் தூக்குங்க" என்று சொல்லிக்கொண்டே போனேன். முதல் நாள் நின்று என்னைப் பார்த்தார்.

"என்னாடி ஆச்சு ஒனக்கு?"

"ஒண்ணுமில்லத்தா. சும்மா."

அதற்குமேல் கேட்கவில்லை. தூக்கச் சொன்ன இடத்தில் காலைத் தூக்கினார். பந்தலுக்குக் கீழே குனியச் சொன்னால் குனிந்தார். எது பழம், எது காய் என்று கொத்துக்கொத்தாகக் காட்டிச் சொன்னேன். அந்தக் கொடிகளையெல்லாம் நட்டு வளர்த்தவர், "அப்படியா, சரி" என்று கேட்டுக்கொண்டார்.

சண்டை முடிந்தது. மாமா சுகமாக இருப்பதாக ஒரு கார்டு வந்தது. லீவில் வருவதாகப் பின்னால் இன்னொரு கார்டு வந்தது. அம்மா சமைத்தாள், சமைத்தாள், சமைத்துக்கொண்டே அழுதாள். மாமாவை அழைக்க ரோட்டுக்குப் போகிற அத்தாவைப் பத்திரமாகக் கூட்டிப்போகும் பொறுப்பு என்னுடையது. புளியமரத்தடியில் நின்றோம். தேனிப் பக்கத்திலிருந்து புழுதி கிளம்பியது. எனக்கு அது பஸ்ஸா லாரியா என்றுகூடத் தெரியவில்லை. அத்தா நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார்.

"அந்தா, ஒங்க மாமன் படிக்கட்டுல தொத்திக்கிட்டு நிக்கிறான் பாரு. கையில செவப்புப் பொட்டி."

ஆசையில் என்னமோ சொல்கிறார் என்று நினைத்து அவர் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். பஸ் கிட்டே வந்தது. படிக்கட்டில் மாமா. கையில் சிவப்புப் பெட்டி.

அல்லா அந்த ஒரு நிமிஷத்துக்கு மட்டும் அத்தாவுக்குக் கண்ணைத் திருப்பிக் கொடுத்திருக்கிறான் என்று நான் நம்பினேன். மாமா உயிரோடு வந்ததற்கு ஒரு தரமும் அதற்கு ஒரு தரமுமாக அவனுக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிய மாமா பெட்டியைக் கீழே போட்டுவிட்டு எனக்குக் கையை நீட்டினார். ஓடிப்போக ஆசைதான். ஆனால் எதிரே ஒரு மாட்டுவண்டி வந்துகொண்டிருந்தது. "இருங்கத்தா, வண்டி போகட்டும்" என்று நிறுத்தினேன். அத்தா நின்றார். வண்டி போன பிறகு, நான் கூட்டிப்போன பக்கமாக, நான் வைத்த அடிக்கு ஒரு அடியாக ரோட்டைத் தாண்டி வந்தார்.